காலு நேரத்துக்கு வரோணும்: ஐம்பதைத் தாண்டியவர்களின் தசைப்பயிற்சியும் அந்த ஆட்டுற மெசினும்

சோமனூர்ப் பக்கம் ஒரு தறிகாரர் வீடு. ஆத்தாவுக்கு 71 வயது, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மெலிந்த உடம்பெல்லாம் கிடையாது. பருத்திக்கொட்டை மூட்டையை இன்னமும் தானே இழுத்துப் போடுகிற கை. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டேன்.

"வெடியால நாலரைக்குப் பொடக்காளிக்குப் போனனுங்க தம்பி. ஈரக் கல்லு. வழுக்குதுன்னு தெரியுது. காலை எடுத்து அக்கட்டால வெக்கோணும்னு நெனைக்கறேன். நெனச்சு முடிக்கறதுக்குள்ள கெடக்கறேன்."

பொடக்காளி என்றால் எங்கள் பக்கம் வீட்டின் புழக்கடை. ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தாலும் நான் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். காலில் பலம் இருந்தது. நேரத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். வயதானவர்களின் உடற்பயிற்சி என்றாலே சதை, எடை, நடை என்று பேசுகிறோம். விழாமல் காப்பது கண்ணிமைக்கிற நேரத்துக்குள் வந்து நிற்கிற கால். அதைப் பழக்குவது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு.

நான் பல்லடம், காரணம்பேட்டை, சூலூர் வட்டாரத்தில் வீடு வீடாகப் போகிற பிசியோ. வாழ்நாளில் உடற்பயிற்சி என்று எதையும் செய்யாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்பாருக்கும் அமுச்சிக்கும் ஆன்லைனில் அதிர்வு மெசின், அதாவது ஏறி நின்றால் உடம்பை ஆட்டுகிற மேடை, வாங்கித் தரலாமா என்று யோசிக்கிற பேரன் பேத்திகளும் படிக்கலாம். பயிற்சியை முதலில் சொல்லிவிடுகிறேன், மெசின் பின்னால் வரும். அந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

தறிப்பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு ஆள் நாலு தறி பார்க்கிறார். பக்கத்து ஆள் வேலையை விட்டுப் போய்விட்டால் அவருடைய நாலையும் இவர் தலையில் கட்டுவார்கள். தறி நிற்காது, ஓடும். ஆனால் நூல் அறுந்தால் ஓடிப்போய்ப் பிடிக்க நேரமாகும், துணியில் இழை விடும்.

தசையிலும் இதே கதைதான். முதுகுத்தண்டுக்குள் இருக்கிற ஒரு நரம்பணு ஒரு கூட்டம் தசைநார்களை ஓட்டுகிறது. இதற்கு மோட்டார் யூனிட் என்று பெயர். வயதாக வயதாக நரம்பணுக்கள் குறைகின்றன. அனாதையாகிற நார்களில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு தன் கிளையை நீட்டி எடுத்துக்கொள்கிறது, சில நார்கள் அப்படியே வற்றிப்போகின்றன. மிஞ்சிய யூனிட்டுகள் பெரிதாகிவிடுவதால் ஒன்றை முடுக்கினால் ஒரு பெருங்கூட்டமே சேர்ந்து இழுக்கும். ஊசியில் நூல் கோக்கும்போது கை நடுங்குவதற்கும், தம்ளரை மெதுவாக வைக்க நினைத்தும் 'டக்' என்று வைத்துவிடுவதற்கும் இதில் பங்குண்டு. அதிகம் அடிபடுவது வேகமான நார்கள். வழுக்கும்போது காலை வீசிப் போட்டு உடம்பைப் பிடித்து நிறுத்துபவை அவைதான்.

முப்பதைத் தாண்டியபின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது, அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகமாக. பலம் அதைவிட வேகமாக இறங்கும். வேகத்தோடு கூடிய பலம் அதையும் முந்திக்கொண்டு இறங்கும். 1980-களின் கடைசியில் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தக் கரைசலுக்குச் சார்கோபீனியா என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் சதைக்குறைவு என்று பொருள்.

"நாங்கெல்லாம் காட்டுல பாடுபட்டவங்க, எங்களுக்கெதுக்குங்க எக்ஸர்சைஸ்?" என்று எல்லா ஊரிலும் கேட்பார்கள். பாடுபட்டது நிஜம். இப்போது? மோட்டாரை செல்போனில் போட்டு செல்போனில் நிறுத்துகிறோம். சொட்டுநீர் வந்தபின் மண்வெட்டி பிடித்து மடை மாற்றுகிற வேலை இல்லை. திண்ணையில் குத்தவைத்து உட்கார்ந்த காலம் போய் பிளாஸ்டிக் சேர், கீழே உட்கார்ந்து சாப்பிட்டது போய் டேபிள், கக்கூஸும் வெஸ்டர்ன். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை தரையிலிருந்து எழுந்த முட்டி இப்போது ஒரு தடவைகூட முழுசாக மடங்குவதில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் பாடுபட்டதைத் தசை நினைவு வைத்துக்கொள்ளாது. அது போன மாசக் கணக்குத்தான் பார்க்கும்.

நல்ல சேதியும் உண்டு. 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையிலான 10 பேருக்கு 8 வாரம் கடுமையான கால்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடித்த 9 பேரின் கால்பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறு வயதில்! அறுபத்தைந்து வயசுக்காரர் "இனிமேல் எங்க ஏறப்போவுது" என்று என்னிடம் சொல்லும்போதெல்லாம் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பேன்.

முதலில் அளந்துகொள்ளுங்கள்

அளக்காமல் தொடங்கினால் இரண்டாம் வாரமே விட்டுவிடுவீர்கள். முன்னேறுவது கண்ணுக்குத் தெரியாததுதான் காரணம்.

கைப்பிடி இல்லாத, சாதாரண உயரமுள்ள சேரைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, முடிந்த வேகத்தில் ஐந்து தடவை முழுசாக எழுந்து உட்காருங்கள். பேரன் செல்போனில் நேரம் பார்க்கட்டும். ஐந்தாவது முறை நிமிர்ந்து நின்றதும் நிறுத்த வேண்டும். ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019-ல் வகுத்த வரையறைப்படி 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டிய நிலை. சோமனூர் ஆத்தாவுக்கு 17 ஆயிற்று. கை ஊன்றாமல் ஒரு தடவைகூட எழ முடியவில்லையா? வெட்கப்பட ஒன்றுமில்லை, சேர்மேல் இரண்டு தலையணை போட்டுத் தொடங்கலாம்.

அடுத்து ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், 6 மீட்டர் அளந்து கோடு போட்டு, வழக்கமான நடையில் நடக்கச் சொல்லுங்கள். 6 நொடிக்கு மேல் போனால் அதுவும் அதே எச்சரிக்கைதான்.

மூன்றாவதற்குக் கடிகாரம்கூட வேண்டாம். உட்கார்ந்தபடி, இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடியுங்கள். விரல்கள் எட்டாவிட்டால் நல்லது. சுற்றிப் பிடித்தும் உள்ளே இடைவெளி இருந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஜப்பானியர்கள் பயன்படுத்துகிற வழி இது. கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இது ஏமாற்றும்.

கடைசியாக ஒற்றைக்கால். சமையல் மேடையை ஒட்டி, பிடிக்கத் தோதாகக் கையை மேலே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரை இப்படி நிற்கவைத்துப் பார்த்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் 10 நொடி நிற்க முடியவில்லை.

எல்லாவற்றையும் தினசரி காலண்டர் தாளிலேயே எழுதுங்கள். நாலு வாரத்துக்கு ஒரு முறை போதும். தினமும் அளந்தால் சலித்துவிடும்.

நெஞ்சுவலி, படியேறினால் மூச்சு முட்டல், சமீபத்தில் பக்கவாதம், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் இருந்தால் தொடங்குமுன் மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியின்போது மூச்சை அடக்கக் கூடாது. எழும்போது வாய்விட்டு "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினால் மூச்சு தானாகப் போய்வரும்.

முதல் மாசம்

வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வேலைதான்.

சேரிலிருந்து எழுந்து உட்காருவது முதல் வேலை. எழும்போது இயல்பாக, உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக. 'தொப்'பென்று விழுந்தால் பாதிப் பயிற்சி போய்விட்டது. ஏனென்றால் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிற இறக்கம்தான் படியிறங்கும்போது உங்களைக் காப்பாற்றப் போகிறது. எட்டு தடவை, இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி எட்டு. இன்னும் இரண்டு தடவை முடியும் என்கிற இடத்தில் நிறுத்துங்கள். பன்னிரண்டு தடவை சுலபமானால் மார்போடு ஒரு தூக்குப்போசியை அணைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் இரண்டு கிலோ. ஜிம் சாமான் எதுவும் வேண்டாம்.

சமையல் மேடையைப் பிடித்து நுனிக்காலில் எழும்புவது இரண்டாவது, பத்துப் பன்னிரண்டு தடவை. மூன்றாவது, சுவரில் கை ஊன்றி நின்றபடி தண்டால். நாலாவது, இரண்டு கையிலும் எடை தூக்கிக்கொண்டு வாசலுக்கும் பொடக்காளிக்கும் நடப்பது. தண்ணீர்க் குடம் தூக்கிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் தொடை வலிக்கும். 24 மணியிலிருந்து 72 மணிக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். இது புதுசாக வேலை வாங்கப்பட்ட தசையின் வலி. மூட்டுக்குள் குத்துகிற வலி, வீக்கம், ஒரே இடத்துக் கூர்வலி இவை வேறு, அவற்றோடு மல்லுக்கட்டக் கூடாது. முதல் வாரத்தில் நான் வேண்டுமென்றே குறைவாகத்தான் கொடுப்பேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அப்புச்சிக்கு ஆர்வக்கோளாறில் முதல் நாளே நாற்பது தடவை எழுந்து உட்காரவைத்தேன். மறுநாள் அவர் பொண்ணு போன் பண்ணி, "எங்க அப்பா கட்டல விட்டு எறங்க மாட்டீங்கறாருங்க" என்றது. அதோடு அந்த வீட்டுக்கு என்னைக் கூப்பிடவே இல்லை.

முதல் ஆறு வாரத்தில் கண்ணாடியில் எதுவும் தெரியாது. ஆனால் 17 நொடி 14 ஆகியிருக்கும். சதை கூடுவதற்கு முன்பே நரம்பு தன் நார்களைச் சரியாக முடுக்கப் பழகிவிடுகிறது. பட்டறைக்குப் புது ஆள் யாரும் வரவில்லை, இருக்கிற ஆள் சுறுசுறுப்பாகிவிட்டார்.

இரண்டாம் மாசம்: வேகம்

இங்கேதான் பெரும்பாலான வழிகாட்டிகள் நின்றுவிடுகின்றன. மெதுவாகவே பழகின கால் மெதுவாகவே வரும்.

இறக்கம் பழையபடி மூன்று எண்ணிக்கை. ஏற்றம் மட்டும், யாரோ கூப்பிட்டதும் விசுக்கென்று எழுகிற மாதிரி. எடையைக் கீழே வைத்துவிட்டு, ஆறு தடவை. வேகம் குறைகிற கணமே நிறுத்திவிடுங்கள். களைத்தபின் செய்கிற மெதுவான ஏற்றத்தால் இங்கே உபயோகமில்லை. நுனிக்கால் எழும்புவதிலும் இதே முறை.

பிறகு காலை வீசி வைப்பது. சுவர் மூலையில் முதுகு கொடுத்து நின்று, முன்னால் கனமான சேர் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்று பிடிக்கும். வீட்டில் ஒருவர் எதிரே நின்று "வலது", "இடது", "முன்ன" என்று வரிசை மாற்றிச் சொல்ல, சொன்ன திசையில் கால் உடனே போக வேண்டும். சோமனூர் வீட்டில் ஆறாம் வகுப்புப் பேத்திதான் சொல்லுவாள். நடுவே "ரெண்டும்" என்று ஏமாற்றுவாள். ஆத்தா திட்டிக்கொண்டே செய்வார். ஒன்றும் சொல்வதற்கில்லை, அந்தத் தடுமாற்றம்தான் பயிற்சி.

பேசிக்கொண்டே நடப்பது

வயதானவரோடு நடந்துகொண்டே, "நேத்து என்ன கொழம்புங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நடந்தபடி பதில் சொன்னால் சரி. பதில் சொல்ல நடையை நிறுத்துகிறாரா? 1997-ல் சுவீடனில் இதைக் கவனித்தவர்கள், பேசும்போது நின்றுவிடுகிறவர்கள் பின்னால் அதிகம் விழுந்ததைக் கண்டார்கள். நடை அவருக்குத் தானாக நடக்கவில்லை, மூளை முழுக்க அதிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு நம்மிடம் நல்ல மருந்து இருக்கிறது: வள்ளிக் கும்மி. பாட்டுக்குக் கால் மாற்றி, கை தட்டி, திரும்பி, பக்கத்து ஆளை இடிக்காமல் வட்டத்தில் நகர வேண்டும். ஜெனீவாவில் 134 முதியவர்களை வைத்து, இசைக்கேற்ப அடிவைத்து நடக்கிற வகுப்பு வாரம் ஒரு முறை என ஆறு மாதம் நடத்தினார்கள். 2011-ல் முடிவு வெளியானது. விழுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அவர்கள் பியானோ வைத்துக்கொண்டார்கள். நம் ஊர்களில் நோம்பிக்கு நோம்பி கும்மி நடக்கிறது, வாத்தியார் வந்து பொழுதோட பயிற்சி கொடுக்கிறார், வயசுப் பிள்ளைகளே நிறைய ஆடுகிறார்கள். ஓரத்தில் சேர் போட்டு உட்கார்ந்திருக்கிற ஆத்தாமார்களையும் மெதுவான பாட்டு ஒன்றுக்கு வட்டத்தில் சேர்த்துக்கொண்டால் என்ன? முட்டி வலிக்கிறவர்கள் குனிந்து அடிக்கிற இடங்களை நின்றபடி அடிக்கட்டும்.

இனி அந்த மெசின்

பல்லடம் பக்கம் ஒரு வீடு. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறார், அப்பாவுக்கு அதிர்வு மெசின் வாங்கிப் போட்டிருக்கிறார். நான் போனபோது பெரியவர் அதன்மேல் முட்டியை விறைப்பாக நிறுத்திக்கொண்டு பேப்பர் படிக்க முயன்றுகொண்டிருந்தார். எழுத்து ஆடுகிறது, கண்ணாடி மூக்கிலிருந்து இறங்குகிறது, தாடை கடகடக்கிறது. "பத்து நிமிசம் நின்னா ஒரு மணி நேரம் நடந்ததுக்குச் சமம்னு சொல்லிக் குடுத்தானுங்க."

அப்படிச் சமம் எதுவும் கிடையாது. ஏமாற்றுச் சரக்கு என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. விஷயம் சுவாரசியமானது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தசைக்குள் ஸ்பிண்டில் என்ற நுண்ணிய உணர்வுக்கருவிகள் இருக்கின்றன. தசை இழுபட்டால் முதுகுத்தண்டுக்குத் தகவல் போகும், அங்கிருந்து "சுருங்கு" என்று உத்தரவு திரும்பும். முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுவது இதனால்தான். அதிர்வு, ஒரு நொடிக்கு இருபது முப்பது தடவை இப்படித் தட்டுவதற்குச் சமம். 1966-ல் ஹாக்பார்த், எக்லுண்ட் என்ற சுவீடன் ஆய்வாளர்கள், தசையை எலும்போடு கட்டுகிற தசைநாண்மேல் அதிர்வு வைத்தால் தசை தானாக இறுகுவதை எழுதிவைத்தார்கள். 1972-ல் இங்கிலாந்தில் இன்னொரு வேடிக்கை தெரியவந்தது. கண்ணை மூடியவரின் முழங்கை நாணை அதிரவைத்தால், கை அசையாதபோதும் அது நீள்வதாக அவருக்குத் தோன்றுகிறது. குதிகால் நாணை அதிரவைத்தால் நிற்கிறவர் தன்னையறியாமல் பின்னால் சாய்கிறார். அதாவது அதிர்வு தசையை முடுக்குகிறது, கூடவே "கால் எங்கே இருக்கிறது" என்ற தகவலையும் குழப்புகிறது. மெசினிலிருந்து இறங்கியதும் ஒரு நிமிடம் பிடியை விடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

உடம்பை ஆட்டிக் குணப்படுத்தும் ஆசை பழையது. ரயிலில் நெடுந்தூரம் வந்த பார்க்கின்சன் நோயாளிகள் தேவலை என்று சொன்னதைக் கேட்டு, பாரிஸ் மருத்துவர் சார்கோ 1892-ல் ஒரு ஆட்டுநாற்காலியைப் பற்றி எழுதினார். 2012-ல் அதை மறுபடி சோதித்தார்கள். ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் தேறினார்கள், ஆடாத நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் அதேயளவு தேறினார்கள்.

இன்றைய மெசின்களைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது. எந்தப் பயிற்சியும் செய்யாத வயதானவர்களோடு ஒப்பிட்டால், மெசின்மேல் குந்தி எழுந்தவர்களுக்குக் கால்பலம் கூடுகிறது. அதே குந்துதலைத் தரையில் செய்தவர்களோடு ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. எலும்பு கெட்டிப்படும் என்று விற்கிறார்கள். டொரண்டோவில் மாதவிடாய் நின்ற 202 பெண்களை வைத்து ஓராண்டு நடத்திய சோதனையில், மென்மையான அதிர்வுமேடையில் தினம் இருபது நிமிடம் நின்றும் எலும்பு அடர்த்தியில் பலன் இல்லை. 2011-ல் வந்த முடிவு அது. ஆகவே ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா, உபயோகியுங்கள். வாங்கவில்லையா, அந்தக் காசில் பொடக்காளிக்குச் சொரசொரப்பான டைல்ஸ் போடுங்கள்.

உபயோகிப்பவர்கள் முதலில் மெசினை அளக்க வேண்டும். பல வீட்டு மெசின்களில் 1 முதல் 99 வரை "லெவல்" என்று இருக்கும். நொடிக்கு எத்தனை ஆட்டம், அதாவது ஹெர்ட்ஸ், என்று இருக்காது. செல்போனில் நொடிக்கு 240 பிரேம் எடுக்கிற ஸ்லோமோஷன் வசதி இருந்தால், மேடை ஓரத்தில் ஒரு பொட்டு ஒட்டி வீடியோ எடுங்கள். பொட்டு மேலே போய்க் கீழே வந்து மறுபடி மேலே வர எத்தனை பிரேம் என்று எண்ணி, 240-ஐ அதால் வகுங்கள். 20 பிரேம் என்றால் 12 ஹெர்ட்ஸ், 8 என்றால் 30. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் உடம்பில் விழுகிற விசை நாலு மடங்காகும். மேடை நடுநிலையிலிருந்து மேலும் கீழும் 2 மில்லிமீட்டர் ஆடுகிறது என்று வையுங்கள். 12 ஹெர்ட்ஸில் மேடையின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 1.2 மடங்கு, 30 ஹெர்ட்ஸில் 7 மடங்கு. இது தெரியாமல் "99-ல வெச்சேனுங்க" என்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்.

நிற்கிற முறை: முட்டியைக் கொஞ்சம் மடக்கி, உடம்பின் எடை பாதத்தின் முன்பாதியில் விழும்படி, கைப்பிடியைப் பிடித்து. முட்டி விறைத்திருந்தால் ஆட்டம் நேராக மண்டைக்குப் போகும். மடக்கினால் தொடையும் கெண்டையும் அதை வாங்கிக்கொள்ளும், வாங்கிக்கொள்ள வேலை செய்தாக வேண்டும், அந்த வேலைதான் பயிற்சி. இடமும் வலமும் மாறி மாறி ஏறியிறங்குகிற வகை மெசினில் கால்களை நெருக்கி வைத்தால் ஆட்டம் சிறிது, அகட்டினால் பெரிது. நெருக்கமாகத் தொடங்குங்கள். 30 நொடி நின்று ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி ஐந்தாறு தடவை, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். இரண்டு வாரம் கழித்து அதன்மேலேயே மெதுவாகக் குந்தி எழலாம். பேப்பர் படிக்க வேண்டாம்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், சிறுநீரகக்கல் பித்தக்கல் உள்ளவர்கள், வலிப்பு, விழித்திரைக் கோளாறு, குடலிறக்கம், புதிய எலும்புமுறிவு, மாற்றுமூட்டு, சமீபத்திய அறுவைசிகிச்சை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறவே கூடாது.

பல்லடத்துப் பெரியவருக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. என் பையில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை இருக்கும். அதைத் தட்டி அவர் கால் கட்டைவிரல்மேல் வைத்தேன். "அதிருதுங்களா?" "எதுங்க?" என்றார். மணிக்கட்டில் வைத்ததும் "ஓ, இதுங்களா!" என்று சிரித்தார். அதிர்வு மெசினில் தினமும் நிற்கிற மனிதருக்குப் பாதத்தில் அதிர்வே தெரியவில்லை. பாதம் தகவல் அனுப்பாததால்தான் அவர் தரையைப் பார்த்தே நடக்கிறார், இருட்டில் தடுமாறுகிறார். அவருக்கு மெசினை நிறுத்திவிட்டேன். காலில் புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது. கொடுத்தது: சமையல் மேடையைப் பிடித்துப் பக்கவாட்டு நடை, சேர் வேலை, ராத்திரிக்குப் படுக்கையிலிருந்து கக்கூஸ் வரை சின்ன விளக்கு.

இன்னொன்றும் கேட்பார்கள்: "டிராக்டர்ல முப்பது வருசமா ஆடிக்கிட்டுத்தானே இருக்கேன், எனக்கு ஏன் பலம் வல்லே?" போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போன பையன்களும் இதைக் கேட்கலாம். உட்கார்ந்த உடம்பு நொடிக்கு 4 முதல் 6 ஆட்டத்தில்தான் அதிகம் எதிரொலிக்கும். டிராக்டர் சீட் கிட்டத்தட்ட அந்த வேகத்தில் ஆட்டும், அதுவும் மணிக்கணக்காக. தசைக்கு அங்கே வேலை இல்லை, முதுகெலும்பின் வட்டுகள்தான் எல்லாவற்றையும் வாங்குகின்றன. பாறை துளைக்கிற கருவியைக் கையில் பிடிப்பவர்களுக்கு விரல் வெளுத்து மரத்துப்போவதும் அதிர்வின் வேலைதான். சீட்டுக்கு நல்ல மெத்தை, மணிக்கொரு தடவை இறங்கி நடை. அவர்களுக்கு மேலும் ஆட்டம் தேவையில்லை.

சாப்பாடு

சுருக்கமாகச் சொல்கிறேன். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம், 60 கிலோ என்றால் 60 முதல் 72 கிராம். நாமக்கல் முட்டை இரண்டு 12 கிராம், கால் லிட்டர் பால் 8, ஒரு கைப்பிடி நிலக்கடலை 7. மிச்சத்தைக் கொள்ளு, பச்சைப்பயறு கடைசல், தயிர், கறி, அரிசியில் இருக்கிற கொஞ்சம் என்று நிரப்பலாம். கொள்ளு ரசம் என்று தெளிவை மட்டும் குடித்துவிட்டுப் பருப்பை மாட்டுக்குப் போட்டால் புரதம் மாட்டுக்குத்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

படுத்துவிட்டால்

சராசரி 67 வயதுள்ள, ஆரோக்கியமான 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள், 2007-ல் வெளிவந்த ஆய்வு. காலில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிருந்தது. நோயே இல்லாமல் இவ்வளவு. "மேலுக்குச் சொகமில்ல, எந்திரிக்காதீங்க" என்று அன்பாகப் படுக்கவைக்கிற ஒறம்பரைகள் இதை ஒரு தடவை படிக்க வேண்டும். காய்ச்சல் இருந்தாலும் சாப்பிடவும் கக்கூஸுக்கும் எழுந்து போகட்டும், மருத்துவர் தடுக்காத வரை சேரில் உட்காரட்டும், படுத்தபடியே குதிகாலை மேலும் கீழும் அசைக்கட்டும். தேறியபின் விட்ட இடத்தில் தொடங்க வேண்டாம், பாதியில் தொடங்குங்கள்.

கோயில் மலைக்கும் இதே யோசனைதான். சென்னிமலையில் 1,320 படி. ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் தொடையைக் கிழிப்பது இறக்கம். மூன்று மாசப் பயிற்சிக்குப் பிறகு ஏறிப்பார்க்க ஆசைப்பட்டால் ஏறுங்கள், முதல் தடவை இறங்குவதற்கு வண்டியில் வாருங்கள்.

சோமனூர் ஆத்தாவின் காலண்டரில் தை மாசம் 17, மாசி கடைசியில் 14, சித்திரையில் 11 என்று இருந்தது. ஆடியில் ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பிறகு மறுபடி 13. தலையணை போட்டு ஆரம்பித்திருக்கிறார். மகன் பொடக்காளிச் சுவரில் ஜிஐ பைப்பை வளைத்துப் பிடிகம்பி ஒன்று அடித்துக் கொடுத்திருக்கிறார், இடுப்பளவு உயரத்தில், நான் சொன்ன மாதிரியே. போன வாரம் போய்ப் பார்த்தேன். ஈரத் துண்டு இரண்டு தொங்கிக்கொண்டிருந்தன.

"துண்டு காயப்போட நல்லா இருக்குதுங்க தம்பி" என்றார். எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்தேன்.